டிரபிள் இன் டஹிட்டி: தப்பு சாம் மேலா, டைனா மேலா?

மாடிப்படி:

அமெரிக்க இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன்னு சொன்னா எல்லாருக்கும் வெஸ்ட் சைட் ஸ்டோரிங்கிற இசை நாடகம்தான் நினைவுக்கு வருது. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1952-ல, அவர் ஒரு சின்ன ஓபரா (வசனத்தையும் பாட்டாவே பாடுற நாடகம்) எழுதினார். பேரு டிரபிள் இன் டஹிட்டி. ஏழு காட்சி, முக்கால் மணி நேரம். பாட்டு வரிகளும் அவரோடதே. இங்க யாரும் இதைப் பத்திப் பேசி நான் பார்த்ததில்லை, அதனால இழையை ஆரம்பிக்கிறேன்.

கதை தெரியாதவங்களுக்காக: அமெரிக்கப் புறநகர்ல ஒரு சின்ன வெள்ளை வீடு. கணவன் சாம், மனைவி டைனா, ஒரு பையன் ஜூனியர். காலைச் சாப்பாட்டு மேசையிலேயே சண்டை. அன்னிக்கு மத்தியானம் ஜூனியரோட பள்ளிக்கூட நாடகம். சாமுக்கு ஜிம்மில் ஹேண்ட்பால் போட்டி (சுவத்துல கையால பந்தை அடிக்கிற ஆட்டம்). அவனோட செக்ரட்டரி மிஸ் பிரவுன் பத்தி இவளுக்குச் சந்தேகம். இவ உளப்பகுப்பாய்வு டாக்டர்கிட்ட போற செலவு அவனுக்கு எரிச்சல். அதுக்கப்புறம் அந்த ஒரு நாள் முழுக்க நாம கூடவே போறோம். அவன் ஆபீஸ்லயும் ஜிம்மிலயும்; அவ டாக்டர் அறையிலயும் தொப்பிக் கடையிலயும். நடுவுல அவ தனியா ஒரு சினிமாவும் பார்த்துடுறா. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ரெண்டு பேரும் பேசப் பார்க்குறாங்க, பேச்சு வரலை. சரி, சினிமாவுக்குப் போலாம்னு கிளம்புறாங்க. அவ மத்தியானம் பார்த்த அதே படம். ஜூனியர் நாடகத்துக்கு ரெண்டு பேருமே போகலை.

என்னைக் கேட்டா தப்பு சாம் மேலதான். ஜெயிக்கப் பிறந்தவன், தோக்கப் பிறந்தவன்னு மனுஷங்களை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாட்டே பாடுறான். கையில ஹேண்ட்பால்ல ஜெயிச்ச கோப்பையோட. பையன் மேடையில நிக்கிற நேரத்துல. இதுக்கு மேல என்ன சொல்ல?

அகிலா_தி:

சாம் மேல கோபம் எனக்கும் உண்டு. ஆனா டைனாவும் போகலையே? அவளுக்குப் போட்டி எதுவும் இல்லை, அலுவலகமும் இல்லை. தியேட்டருக்குப் போய் உட்கார்ந்துட்டா. இதை நிறைய பேர் கவனிக்காம, சாமை மட்டும் வில்லனாக்கிடுறாங்க. பெர்ன்ஸ்டைன் அப்படி எழுதலை. ஒருத்தர் பக்கம் தராசு சாயுற மாதிரி வந்தா உடனே மத்தவருக்கு ஒரு பாட்டு குடுத்துடுறார்.

நான் டைனா கட்சிதான், அது வேற. எந்தத் துணையும் இல்லாம நாள் முழுக்க இருக்கிற ஒருத்தி, இருட்டுல ஒன்றரை மணி நேரம் யார் கண்ணுலயும் படாம உட்கார ஆசைப்பட்டா அதை நான் குத்தம்னு சொல்ல மாட்டேன்.

கிளாரினெட்:

இசையைத் தொடாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்பது என் எண்ணம்.

மேடையில் மொத்தமே ஐந்து குரல்கள். சாம் பாஸ்-பாரிடோன் (கனத்த ஆண் குரல்), டைனா மெஸோ-சொப்ரானோ (நடுத்தர உயரமுள்ள பெண் குரல்). மீதி மூன்று பேர் ஒரு ஜாஸ் மூவர்: ஒரு பெண், இரண்டு ஆண்கள். இந்த மூவர்தான் ஓபராவைத் தொடங்கி வைக்கிறார்கள். காலை வெயில் ஜன்னலை முத்தமிடுகிறது, சின்ன வெள்ளை வீடு, அழகான குடும்பம் என்று மைக்கை நெருங்கி நின்று பாடுகிற தொனியில் பாடுவார்கள். வானொலி விளம்பரத்திலிருந்து பிறந்த கிரேக்கக் கோரஸ் என்று பெர்ன்ஸ்டைனே இவர்களை விவரித்திருக்கிறார். கிரேக்க நாடகத்தில் கோரஸ் உண்மையைச் சொல்லும், எச்சரிக்கும். இங்கே அது பொருள் விற்கிறது. அந்தப் பாட்டு முடிந்த கையோடு முதல் காட்சியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் வெட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

என்னை அசர வைத்தது வேறொன்று. அந்த நாள் முழுக்க சாமும் டைனாவும் எத்தனையோ பேரிடம் பேசுகிறார்கள். தொலைபேசியில் கடன் கேட்பவர்கள், மிஸ் பிரவுன், டாக்டர், தொப்பிக் கடைப் பெண், ஜூனியர். இவர்களில் ஒருவருக்குக்கூட குரல் கிடையாது. சாம் மிஸ் பிரவுனைக் கூப்பிட்டு, நான் எப்போதாவது உன்னிடம் தவறாக நடந்துகொண்டேனா என்று கேட்கிறான். அவள் சொல்லும் பதில் நமக்குக் கேட்காது; அதை மறந்துவிடு என்று அவன் மழுப்புவதுதான் கேட்கும். அந்தப் பதிலை நாம் கேட்க முடியாதபடி எழுதியிருப்பதை யோசித்துப் பாருங்கள். இவர்கள் இருவரும் வேறு மனிதர்களின் குரலை வாங்கும் நிலையிலேயே இல்லை. காதில் விழுவது அந்த மூவரின் பாட்டு ஒன்றுதான். ஆகவே தப்பு சாம் மேலா, டைனா மேலா என்று கேட்டால், என் கை அந்த மூவரைத்தான் காட்டும்.

பழையரேடியோ:

கிளாரினெட் சொன்னதோட காலத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

1952 அமெரிக்கா. போர் முடிஞ்சு திரும்பின சிப்பாய்களுக்கு அரசாங்க உத்தரவாதத்தோட வீட்டுக் கடன். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல லெவிட் கம்பெனி 1947-லேர்ந்து 1951 வரைக்கும் 17,000-க்கு மேல வீடுகளைத் தொழிற்சாலை முறையில கட்டி முடிச்சிருந்தாங்க. 1949-ல அங்க ஒரு வீடு 7,990 டாலர். கறுப்பின மக்களுக்கு அங்க இடம் கிடையாது, ஒப்பந்தத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. அந்தச் சின்ன வெள்ளை வீட்டுக்குள்ள யார் போகலாம்னு ஏற்கெனவே தீர்மானிச்சாச்சு.

மூவர் பாட்டுல ஊர்ப் பெயர்கள் வரிசையா வருது: ஸ்கார்ஸ்டேல், வெல்லஸ்லி ஹில்ஸ், ஓசோன் பார்க், ஹைலண்ட் பார்க், ஷேக்கர் ஹைட்ஸ், பெவர்லி ஹில்ஸ். ஸ்கார்ஸ்டேல் நல்ல பணக்கார ஊர். ஓசோன் பார்க் குவீன்ஸ்ல இருக்கிற சாதாரணப் பகுதி. ஷேக்கர் ஹைட்ஸ் ஒஹையோவுல க்ளீவ்லண்டை ஒட்டி. கலிபோர்னியா வரைக்கும் போயிடுது. எந்த ஊரானாலும் அதே வெயில், அதே ஜன்னல். இதை வேணும்னே செஞ்சிருக்கார். நாலாவது காட்சிக்கு அப்புறம் ஒரு இடைப்பாட்டு வரும். அதுல வாஷிங் மெஷின், புதுசான சமையலறை, நாற்காலி, வெள்ளிப் பாத்திரம்னு பொருட்களோட பட்டியல் ஓடிக்கிட்டே இருக்கும். பையனும் அந்தப் பட்டியல்ல ஒரு ஐட்டமா வந்துடுறான்! கேட்கும்போது ரொம்ப இனிமையா இருக்கும். அதுதான் பயமா இருக்கு.

வடமராட்சியான்:

எல்லாரும் சமூகம், விளம்பரம் எண்டு கதைக்கிறீங்கள். அது சரிதான். ஆனா இந்தக் கதை பெர்ன்ஸ்டைன்ரை சொந்த வீட்டுக் கதை எண்டதையும் சொல்ல வேணும்.

அவற்றை தகப்பனுக்குப் பேர் சாம். சாமுவேல் பெர்ன்ஸ்டைன். இப்ப உக்ரேனில இருக்கிற பக்கத்தில இருந்து வந்த யூதர், பொஸ்டன் பகுதியில அழகுசாதனப் பொருள் வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். மகன் இசைக்குப் போறது அவருக்குத் துளியும் விருப்பமில்லை. தாய்க்குப் பேர் ஜெனி. ஓபராவிலையும் மனைவிக்கு முதல்ல ஜெனி எண்டுதான் வைச்சிருந்தவர், பிறகு தகப்பன்ரை தாயின்ரை பேரான டைனா எண்டு மாத்தினவர். சாம் எண்ட பேரை மட்டும் மாத்தேல்லை! தகப்பன் அப்ப உயிரோடதான் இருந்தவர், 1969-இலதான் காலமானவர். சண்டை பிடிக்கிற தாய் தகப்பனுக்கு நடுவில வளர்ந்த பிள்ளை அவர். மேடையில வராத அந்த ஜூனியர் ஆர் எண்டு இப்ப விளங்குதுதானே.

இன்னொண்டு. அவர் 1951 செப்டெம்பரில ஃபெலிஸியா மொண்டியலேக்ரேயைக் கலியாணம் செய்தவர். தேனிலவுக்கு மெக்சிகோவில குவெர்னவாக்காவுக்குப் போன இடத்திலதான் இதை எழுதத் துவங்கினவர். கலியாணம் முடிஞ்ச கையோட, சந்தோசம் இல்லாத கலியாணத்தைப் பற்றி ஒரு ஓபரா. எனக்கு அதை நினைச்சா நெஞ்சு கனக்கும்.

மாடிப்படி:

வடமராட்சியான் அண்ணா, பேர் விஷயம் எனக்குப் புதுசு. ரொம்ப நன்றி.

ஆனா கிளாரினெட் அண்ணா சொல்ற மாதிரி மூவர் மேல பழியைப் போட்டுட்டா இந்த ரெண்டு பேரும் பொறுப்புலேர்ந்து தப்பிச்சுடுறாங்களே? விளம்பரம் யாரையும் பையன் நாடகத்துக்குப் போகாதேன்னு சொல்லலை.

புதுக்கேட்பவர்:

நான் ஓபரா கேட்டதே இல்லை. இது புரியுமா? இத்தாலிய மொழி தெரியணுமா?

கிளாரினெட்:

வேண்டாம். எல்லாம் அன்றாட அமெரிக்க ஆங்கிலம். காலை உணவு மேசையில் மனிதர்கள் பேசிக்கொள்ளும் சொற்களை அப்படியே பாட வைக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இந்தப் படைப்பை மார்க் பிளிட்ஸ்டைன் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அமெரிக்கப் பேச்சு மொழியிலேயே இசை நாடகம் எழுத முடியும் என்று அவருக்குக் காட்டியவர் பிளிட்ஸ்டைன்தான். முதல் அரங்கேற்றம் 1952 ஜூன் 12, மாசசூசெட்ஸில் வால்தம் ஊரில், பிராண்டைஸ் பல்கலைக்கழகக் கலை விழாவில். பெர்ன்ஸ்டைன் அங்கே ஆசிரியராக இருந்த சமயம் அது. அதே விழாவில்தான் திரீபென்னி ஓபரா என்ற ஜெர்மன் இசை நாடகத்துக்கு பிளிட்ஸ்டைன் எழுதிய ஆங்கில வடிவமும் அரங்கேறியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் டிரபிள் இன் டஹிட்டி ஒளிபரப்பானது. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களின் வரவேற்பறைக்கே போய்ச் சேர்ந்தது!

மாடிப்படி கேட்டதற்கு வருகிறேன். பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. நான்காவது காட்சியை மறுபடி கேளுங்கள். மதிய நேரம், தெருவில் இருவரும் தற்செயலாக எதிரெதிரே வந்துவிடுகிறார்கள். சேர்ந்து சாப்பிடப் போயிருக்கலாம். இரண்டு பேரும் யாரோ ஒருவரைச் சாப்பாட்டுக்குப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லித் தப்பிக்கிறார்கள். அதன் பிறகு வருகிற டூயட்தான் இந்த ஓபராவின் உச்சம். ஏன் பொய் சொன்னேன், தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வழி இல்லையா என்று இருவரும் பாடுகிறார்கள். ஒரே துயரம்தான், ஆனால் ஒருவர் பாடுவது மற்றவருக்குக் கேட்காது. நமக்கு மட்டுமே கேட்கிறது. டூயட் என்றால் இருவர் சேர்வது என்று பழகிய காதுக்கு இது பெரிய அடி. நான் முதலில் கேட்டபோது எழுந்து போய் அதை இன்னொரு முறை வைத்தேன்.

இந்த இடத்தில் மூவர் இல்லை. விளம்பரம் இல்லை. பொய் அவர்கள் வாயிலிருந்து தானாகவே வருகிறது. பொறுப்பு அங்கே இருக்கிறது. இருவருக்கும் சமமாக.

அகிலா_தி:

டூயட் பத்தி நீங்க சொன்னது மனசுல நிக்குது. ஆனா உச்சம் அது இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்வேன். உச்சம் தொப்பிக் கடைக் காட்சி.

டைனா அப்பதான் படம் பார்த்துட்டு வர்றா. கடைக்காரப் பெண்கிட்ட, எவ்வளவு மோசமான படம் தெரியுமான்னு ஆரம்பிக்கிறா. டெக்னிகலர் (பளிச்னு கலர்ல எடுத்த) அபத்தம், டஹிட்டித் தீவு, அமெரிக்க விமானி, தீவு இளவரசி, புயல், பலி குடுக்கக் கிளம்புற ஊர்க்காரங்க, கடைசி நிமிஷத்துல அமெரிக்கக் கடற்படை. ஒவ்வொண்ணையும் கிண்டல் பண்ணிக்கிட்டே வர்றா. அப்புறம் படத்துல வர்ற அந்தத் தீவுப் பாட்டைப் பாடிக் காட்டுறா. பாடப் பாட கிண்டல் போயிடுது. மூவரும் பின்னாடி சேர்ந்துக்கிறாங்க. ஒரு கட்டத்துல அவ அந்தத் தீவுலயே இருக்கா. சட்டுனு நினைவு வந்து நிறுத்துறா, ராத்திரிச் சமையல் பண்ணணும்னு கிளம்பிடுறா.

இதுல நடிப்பு ரொம்பக் கஷ்டம். முதல்ல இருந்தே சிரிப்புக் காட்சியா ஆக்கிட்டா அந்த மாற்றம் தெரியாது. 1955-ல நியூயார்க்கோட பிராட்வே நாடக அரங்குல இதை ஆலிஸ் கோஸ்ட்லி பாடினாங்க. நகைச்சுவை நடிகையா பின்னாடி பேர் வாங்கினவங்க. அந்தத் தேர்வே அழகு.

அவளுக்குப் படம் பொய்னு தெரியும். தெரிஞ்சும் அதுல கரையுறா. டாக்டர் அறையில ஒரு கனவு சொல்வாளே: களை மண்டின தோட்டம், கருத்துப் போன முறுக்கு மரங்கள், வெளியே வான்னு கூப்பிடுற குரல், எங்கயோ இருக்கிற இன்னொரு அழகான தோட்டம். அன்பு நம்மை ஒரு அமைதியான இடத்துக்குக் கூட்டிப் போகும்னு பாடுவா. காலையில அவ ஏங்கின இடம் அது. மத்தியானம் கிடைச்சது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற தீவு. அந்த ரெண்டு பாட்டையும் அடுத்தடுத்து கேளுங்க, அப்புறம் டைனா ஏன் நாடகத்துக்குப் போகலைன்னு கேளுங்க. அவளால அன்னிக்கு யாரோட அம்மாவாவும் இருக்க முடியலை.

பழையரேடியோ:

அம்மாவாக இருக்க முடியலைங்கிறதை ஏத்துக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்குங்க. பையன் மேடையில நின்னு கூட்டத்துல முகம் தேடியிருப்பான்.

சாம் பத்தியும் ரெண்டு வார்த்தை. ஜெயிச்சவன் பாட்டு வெறும் திமிர் இல்லை. கோப்பையோட வீட்டு வாசலுக்கு வர்றான், உள்ள போக கால் வரலை. இன்னொரு சட்டமும் இருக்குன்னு பாடுறான்: கிடைச்சதுக்கெல்லாம் விலை குடுத்தே ஆகணும்னு. மத்தியானம் அவ்வளவு முழக்கமா வந்த அதே ஆள். சாமைப் பாடுறவர் அந்த வாசல் நிமிஷத்தைச் சரியாச் செஞ்சா, அவன் மேல கோபப்பட்டவங்களுக்கும் தொண்டை அடைக்கும்.

வடமராட்சியான்:

ஜூனியரைப் பற்றிக் கேட்கிறவைக்கு: அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு பெர்ன்ஸ்டைனே பிறகு எழுதினவர். 1983 ஜூனில ஹூஸ்டனில அரங்கேறின அ குவயட் பிளேஸ். அகிலா சொன்ன அந்த அமைதியான இடம்தான் தலைப்பு. பாட்டு வரிகள் ஸ்டீபன் வாட்ஸ்வர்த். கதை முப்பது வருசத்துக்குப் பிறகு: டைனா கார் விபத்தில செத்துப்போனா, செத்த வீட்டில எல்லாரும் கூடுகினம். ஜூனியர் மனநலம் பாதிக்கப்பட்டவன், ஆண்களை விரும்பிறவன். பிறகு பிறந்த தங்கச்சி டீடீ. அவளின்ரை கணவன் பிரான்ஸ்வா முந்தி ஜூனியரின்ரை காதலன். மூண்டு பேரும் கியூபெக்கில ஒண்டா இருக்கினம். தகப்பன் சாம் மகனோட எப்பிடிக் கதைக்கிறது எண்டு தெரியாமல் நிக்கிறார்.

எழுதின ரெண்டு பேருமே துக்கத்தில இருந்தவை. வாட்ஸ்வர்த்தின்ரை சகோதரி கார் விபத்தில இறந்தவ. ஃபெலிஸியா 1978-இல புற்றுநோயால காலமானவ. பெர்ன்ஸ்டைன் ஆண்களை விரும்பினதும், அது ஃபெலிஸியாவுக்குக் கலியாணம் துவங்கின காலத்திலேயே தெரியும் எண்டதும் 2013-இல புத்தகமா வந்த அவற்றை கடிதங்களில இருக்கு. அதைத் தெரிஞ்ச பிறகு நாலாவது காட்சியில ரெண்டு பேரும் சொல்லிற பொய் வேற மாதிரிக் கேட்கும்.

கிளாரினெட்:

அந்த 1983 ஓபரா என்னை இருவேறு பக்கம் இழுக்கிறது. ஹூஸ்டனில் முதலில் டிரபிள் இன் டஹிட்டி, பிறகு புதியது என்று ஒரே மாலையில் போட்டார்கள். 1984-ல் இத்தாலியில் மிலான் நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்குக்காகத் திருத்தியபோது பழையதைக் கத்தரித்து, சாமின் நினைவுகளாகப் புதியதற்குள் செருகினார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. பழையதில் எதுவும் முடிவதில்லை என்பதுதான் அதன் பலமே. அதை முப்பது வருடம் கழித்து ஒரு சாவின் முன்கதையாக்கினால், நடந்ததெல்லாம் அந்தச் சாவுக்காகத்தான் என்பதுபோல் ஆகிவிடுகிறது. இசைக்குழு நடத்துநர் கென்ட் நகானோ நடத்திய புதிய வடிவத்தில் பழைய ஓபராவின் பகுதிகளை முழுக்க நீக்கிவிட்டார்கள். 2022-ல் பாரிஸ் ஓபராவிலும் அப்படித்தான் போட்டார்கள். இரண்டும் தனித்தனியாக இருப்பதே நியாயம்.

மாடிப்படி:

நான் இதுல வேற கட்சி அண்ணா. ஜூனியர் வாயைத் திறந்து பேசினதைக் கேட்ட அப்புறம்தான் எனக்கு முதல் ஓபரா முழுசாப் புரிஞ்சது. சின்ன வயசுல அவனுக்கு ஒரு வரிகூட குடுக்கலை. முப்பது வருஷம் கழிச்சு அவன் பாடுறது அப்பா அம்மா பாட்டுக்கு நடுவுல வந்தாத்தான் அந்த மௌனத்தோட நீளம் தெரியும். லா ஸ்காலா வடிவத்துல இசை துண்டு துண்டா ஆயிடுதுங்கிறது உண்மை, ஆனா அந்த விலையைக் குடுக்கலாம்.

சாம் மேல இருந்த கோபம் குறையலை. டைனா மேலயும் கொஞ்சம் வந்திருக்கு, அகிலா என்ன சொன்னாலும்.

புதுக்கேட்பவர்:

எதுல ஆரம்பிக்கலாம்? பாட்டு மட்டுமா, படமா?

அகிலா_தி:

படம். 2001-ல டாம் கெய்ர்ன்ஸ் பிபிசிக்காக எடுத்தது. ஸ்டெபனி நோவசெக் டைனா, கார்ல் டேமண்ட் சாம். தொப்பிக் கடைக் காட்சியில அவங்க முகம் மாறுறதைக் கிட்டத்துல பார்க்கலாம், மேடையில அது கிடைக்காது. பெர்ன்ஸ்டைனே இசைக்குழுவை நடத்தின 1973 படமும் இருக்கு, ஓவியம் மாதிரி அரங்கம் போட்டு எடுத்தது. இசைக்கு அது. ரெண்டையும் பார்த்துட்டு வந்து, கடைசிக் காட்சியில சினிமாவுக்குப் போலாம்னு சாம் கேட்கும்போது டைனா ஏன் நான் பார்த்துட்டேன்னு சொல்லலைன்னு உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. அது பொய்னு நான் நினைக்கலை. அன்னிக்கு அவ செஞ்ச ஒரே அன்பான காரியம் அதுதான். கிளாரினெட் சார் இதுக்கு நிச்சயம் சண்டைக்கு வருவார்.

கிளாரினெட்:

வருகிறேன். நான்காவது காட்சியில் இருவரும் பொய் சொல்லிப் பிரிகிறார்கள், ஏழாவதில் அவள் உண்மையை மறைத்துச் சேர்கிறாள் என்று வாசிக்கலாம், அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி நிமிடத்து இசை எனக்கு அன்பாகக் கேட்கவில்லை. சோர்ந்துபோய் விட்டுக்கொடுக்கிற குரல் அது. காசு கொடுத்து வாங்கிய மாயத்தைத் தேடிப் போகிறோம் என்று அவர்களே பாடுகிறார்கள், தெரிந்தே போகிறார்கள். புதுக்கேட்பவர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், இங்கேயே காத்திருக்கிறேன்.